திரை இருண்டால் கணினி செத்ததா?

“டிஸ்ப்ளே வரவில்லை” என்னும் இரண்டு சொற்கள் நம் கல்வி நிறுவனங்களில் மரணச் சான்றிதழாகவே வழங்கிவருகின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த ஒரு மேசைக் கணினியின் திரை ஒருநாள் இருண்டுபோகிறது. அல்லது மங்குகிறது, துடிக்கிறது, மஞ்சளிக்கிறது. பராமரிப்புக்கு வருபவர் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்கிறார். “பழைய மாடல் சார், பார்ட்ஸ் கிடைக்காது” என்கிறார். இருப்புப் பதிவேட்டில் அந்த இரண்டு சொற்கள் ஏறுகின்றன. பின்னர்க் கழிவுக் குழு கூடுகிறது, கையொப்பங்கள் விழுகின்றன, பெட்டி எடைக்கு ஏலம் போகிறது. பொத்தானை அழுத்தியதற்கும் கையொப்பம் விழுந்ததற்கும் இடையில் பழுது எங்கே என்று எவரேனும் தேடினாரா? அதைக் கேட்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு பத்தி கிடையாது.

இந்த வழக்கத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம். இலக்கியம் பேசுவோருக்கு மானிட்டரில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கடந்த முப்பது ஆண்டுகளில் சிற்றிதழ்களும், கவிதைத் தொகுதிகளும், ஆய்வேடுகளும், களப்பணிக் குறிப்புகளும் பெரும்பாலும் இத்தகைய பெட்டிகளில் தட்டச்சாகித்தான் அச்சுக்குப் போயின என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். அச்சேறாமல் நின்றுபோனவை இன்னும் அப்பெட்டிகளிலேயே இருக்கின்றன. ஆகவே ஒரு கணினியைக் கழிவென்று எழுதுவது மேசை நாற்காலியைக் கழிவென்று எழுதுவது போன்றதன்று.

*

திரை இருள்வது ஓர் அறிகுறி, நோயன்று. அந்த அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது நான்கு இடங்கள் உள்ளன: மின்னிணைப்பு, பெட்டி, பெட்டியையும் மானிட்டரையும் இணைக்கும் கேபிள், மானிட்டர். மருந்து அதிகாரத்தின் 948ஆம் குறளில் வள்ளுவர் வகுத்த வரிசை நாம் அறிந்ததே. முதலில் நோய் இன்னதென அறிதல், அடுத்து அதன் காரணம், பிறகு தணிக்கும் வழி, இறுதியில் செயல். இதை வகுப்பில் ஒரு மணி நேரம் விரித்துரைக்கும் தமிழாசிரியரே, மாலையில் கழிவுப் படிவத்தை நீட்டும்போது முதல் மூன்றையும் கேளாமல் நான்காவதற்குக் கையொப்பமிடுகிறார். இம்முரணைச் சுட்டாமல் மேற்செல்ல இயலவில்லை.

முதற்சோதனைக்குத் திருப்புளிகூட வேண்டாம். மானிட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளைக் கழற்றிவிட்டு, மானிட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும். சிக்னல் இல்லை என்றோ, கேபிளைச் சரிபார்க்கவும் என்றோ ஓர் ஆங்கில வாசகம் திரையில் மிதந்தால், மானிட்டரின் உயிர் அதனுள்தான் இருக்கிறது. பழுது கேபிளிலோ பெட்டியிலோ. வாசகம் தோன்றவில்லையெனில் ஐயம் மானிட்டரின் மேல் விழும். மறுதலையாக, வேலை செய்யும் வேறொரு மானிட்டரை அதே பெட்டியில் மாட்டிப் பார்க்கலாம். இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல்தான் பெட்டியும் மானிட்டரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு ஏலத்துக்குப் போகின்றன.

அடுத்தது கேபிள். பழைய கணினிகளின் வி.ஜி.ஏ. இணைப்பு 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. அதன் 15 ஊசிகளுள் 1, 2, 3 ஆகியவை முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைக் கடத்துகின்றன. நீல ஊசி வளைந்தால் வெண்திரை மஞ்சளாகும். சிவப்பு அறுந்தால் நீலப்பச்சையாகும். பச்சை போனால் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். திரையின் நிறமே எந்த ஊசியில் குறை என்று சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு ஆளில்லை என்பதே குறை. மேலும் ஒன்று: பல கேபிள்களில் 9ஆம் ஊசி இயல்பாகவே இராது. அதைக் கண்டு ஊசி முறிந்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்வோரையும் பார்த்திருக்கிறோம்.

கேபிளில் குறையில்லை, மானிட்டரும் மின்சாரம் பெறுகிறது, ஆயினும் திரை இருண்டிருக்கிறது எனில், அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச் விளக்கைச் சாய்வாகத் திரையின்மேல் அடித்துப் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலம்வரை வந்த எல்.சி.டி. மானிட்டர்கள் பெரும்பாலும் படத்துக்குப் பின்னே மெல்லிய ஒளிக்குழல்களைக் கொண்டவை. அக்குழல் தேய்ந்தாலோ, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் சிறு பலகை கெட்டாலோ, படம் அப்படியே இருக்கும். வெளிச்சம் மட்டும் இராது. டார்ச் ஒளியில் அந்தப் படம் ஆவிபோல மங்கலாகத் தெரியும். சில மானிட்டர்கள் இரண்டு நொடி ஒளிர்ந்து அணைந்துவிடுவதும் பெரும்பாலும் இவ்வகைக் கோளாறே. படம் இருக்கிறது, ஒளி இல்லை. இதனைக் “கணினி போய்விட்டது” என்று எழுதுவது, விளக்கணைந்த அறையில் புத்தகம் இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு வகை உண்டு. காலையில் பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடம் துடித்துவிட்டு, சூடேறிய பிறகு நிலைக்கும் மானிட்டர். நாளுக்கு நாள் அந்தப் பத்து நிமிடம் அரைமணியாகும். இதன் காரணத்துக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் விற்பனையான மின்னணுச் சாதனங்கள் பலவற்றில், தரங்குறைந்த மின்பகுதிரவம் நிரப்பிய மின்தேக்கிகள் இடம்பெற்றன. மதர்போர்டு, மின்வழங்கி, மானிட்டர் ஆகிய எல்லாவற்றிலும் அவை உப்பின, கசிந்தன. தட்டையாக இருக்கவேண்டிய தலைப்பகுதி பணியாரம்போல் புடைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். அந்த ஆண்டுகளில் நம் துறைகளுக்கு வாங்கிய கணினிகளுள் எத்தனை இந்த ஒரு காரணத்தால் “ஆயுள் முடிந்தவை” ஆயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அவற்றுக்கு வந்தது முதுமையன்று, பிறவியிலேயே வாய்த்த குறை. அதே மைக்ரோபாரடு அளவும், அதே அளவோ அதற்கு மேற்பட்டதோ ஆன வோல்ட் அளவும் கொண்ட மின்தேக்கியை, நேர்முனை எதிர்முனை பார்த்துப் பற்றவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சென்னை ரிட்சி தெருவில் இதனை அன்றாட வேலையாகச் செய்யும் கைகள் இருக்கின்றன. ஒரு மின்தேக்கியின் விலை ஏறத்தாழ ஒரு தேநீரின் விலை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பருத்த முதுகுடைய பழைய சி.ஆர்.டி. மானிட்டரின் மூடியை அனுபவமற்றோர் திறக்கலாகாது. அதனுள் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இயங்குகிறது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதன் ஓரத்தில் நிறத் திட்டுகள் படர்ந்தால் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பார்த்து நகர்த்தினால் போதும். காந்தம் விலகினால் நிறம் திரும்பும்.

பழுது பெட்டியில் என்று தெரிந்தால் அதற்கும் வரிசை உண்டு. தனி வீடியோ அட்டை இருக்கும் பெட்டியில் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, படம் வரவில்லை என்று புலம்புவது மிகச் சாதாரணம். அது இல்லையெனில் பெட்டி எழுப்பும் ஒலியைக் கேட்கவேண்டும். அவார்டு வகை பயாஸ் கொண்ட பழைய பெட்டிகளில், ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் வந்தால் வீடியோ அட்டையில் குறை. நெட்டொலியே திரும்பத் திரும்ப வந்தால் ராமில் குறை. நெடில் குறில் அறிந்த தமிழாசிரியருக்கு இது கடினமான பாடமன்று. ராமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தும் வைத்தியத்தைத் தெருமுனைக் கடைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்; பலன் தருகிறது. தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்பினால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணயப் பேட்டரியை மாற்ற வேண்டும். தொடக்கத்தில் படம் வந்து, விண்டோஸ் ஏறும்போது மட்டும் மறைந்தால், அது மானிட்டர் தாங்காத திரை அளவை யாரோ தேர்ந்ததன் விளைவாக இருக்கலாம். எக்ஸ்.பி. கணினியில் தொடக்கத்தில் எப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு நிலையில் நுழைந்து அளவைக் குறைத்தால் படம் திரும்பும்.

இவை அத்தனையும் சேர்ந்து ஒரு முற்பகல் வேலை.

*

இனி, அந்த முற்பகலைச் செலவிடாததால் என்ன இழக்கிறோம் என்பதைப் பார்ப்போம். நாம் நன்கறிந்த ஒரு தமிழ்த்துறையில் 2006இல் வாங்கிய ஒரே வகையான இரண்டு கணினிகள் இருந்தன. எம்.ஃபில். மாணவர்கள் பல ஊர்களில் ஒலிநாடாவில் பதிந்துவந்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அவற்றில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஆய்வேட்டில் அச்சானவை எடுத்துக்காட்டுக்கு வேண்டிய சில பாடல்களே. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. பாடிய மூதாட்டிகளுள் பலர் இன்று இல்லை. முதற்கணினி “டிஸ்ப்ளே வரவில்லை” என்ற குறிப்போடு 2018இல், வன்தட்டு உள்ளேயே இருக்க, எடைக்குப் போயிற்று. இரண்டாவதும் மறு ஆண்டே அதே குறிப்போடு வரிசையில் நின்றது. குழு கூடுவதற்கு முதல்நாள் ஒரு டார்ச் விளக்கை அதன் திரையில் அடித்துப் பார்த்தோம். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வேறொரு மானிட்டரை மாட்டியதும் கோப்புகள் அனைத்தும் திறந்துகொண்டன. முதற்கணினியும் அப்படியே பிழைத்திருக்குமா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. காரணம், எவரும் பார்க்கவில்லை.

“வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்பர். அதுகூடச் செய்யப்படவில்லை என்பது ஒருபுறம். மறுபுறம், தமிழைப் பொறுத்தவரை அது எப்போதும் போதுமானதும் அன்று. யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் நம் அச்சுக்கூடங்களும் துறைகளும் நெடுங்காலம் தத்தம் எழுத்துருக்களின் குறியாக்கத்திலேயே எழுதின. டிஸ்கி ஒருபக்கம், 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஒருபக்கம், பாமினி முதலிய தனிவழிகள் ஒருபக்கம். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்பை இன்றைய கணினியில் திறந்தால், கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளுமாக ஒரு காடு தெரியும். அதைத் தமிழாக்க எந்த எழுத்துரு என்று தெரியவேண்டும். அந்த எழுத்துரு பெரும்பாலும் அந்தப் பழைய பெட்டியில் மட்டுமே இருக்கும். சில தமிழ் மென்பொருள்கள் பெட்டியின் பின்புறம் செருகிய வன்பூட்டு இல்லாமல் இயங்கவும் மாட்டா. சிற்றிதழ்கள் பலவற்றைப் பக்கம் கட்டிய பேஜ்மேக்கர் 2001ஆம் ஆண்டின் 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. கோப்பு, எழுத்துரு, மென்பொருள், பூட்டு ஆகிய நான்கும் ஒருங்கே உயிரோடிருக்கும் இடம் அந்தப் பெட்டியே. அதன் திரையை மீட்பதென்பது அந்த நான்கையும் படிக்கத்தக்க நிலையில் மீட்பது.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிச் சென்றபோது, கோயிற் பொறுப்பில் இருந்த பழஞ்சுவடிகளை ஆகம விதிப்படி என்று சொல்லி நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டுவிட்டதாக அறிந்து அவர் துடித்தார். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர், விதியைப் பின்பற்றினார்கள். சிதைந்த ஏட்டுக்கு இதுவே முறை என்று நம்பினார்கள். இந்தச் செய்தியைச் சொல்லிக் கண்கலங்காத தமிழாசிரியர் உண்டா? அவர்கள் ஏட்டைப் பிரித்துப் பார்த்தார்களா என்று நாம் கேட்கிறோம். அதே கேள்வியை நம் கழிவுக் குழுக்களிடமும் கேட்க வேண்டாமா? அன்று ஆகமம், இன்று அரசாணையும் தணிக்கைக் குறிப்பும்.

*

மறுப்புகளை நாம் அறியாமல் இல்லை.

“மானிட்டர் கெட்டால் புதிய மானிட்டர் வாங்கிவிடலாமே” என்பது ஒன்று. தாராளமாக வாங்கலாம். ஆனால் புதிய மானிட்டர் பலவற்றில் வி.ஜி.ஏ. துளை இல்லை. இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் 2015க்குள் அதனைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. இடையில் ஒரு மாற்றி வேண்டும். கடையில் எளிதில் கிடைப்பது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது, பழைய பெட்டிக்கு வேண்டியதோ அதன் எதிர்த்திசையில் வேலை செய்வது. தவறானதை வாங்கி மாட்டி, படம் வராததைக் கண்டு, “புது மானிட்டரிலும் வரவில்லை, பெட்டிதான் போயிற்று” என்று இரண்டாம் முறையாகத் தீர்ப்பெழுதுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

“பழைய இயங்குதளம் பாதுகாப்பற்றது” என்பது மற்றொன்று. உண்மை. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. அதனால் அக்கணினியை இணையத்தில் இணைக்கலாகாது. பழைய கோப்பைத் திறந்து படிக்க இணையம் எதற்கு? அதே சமயம், பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவோர், மாணவர்களின் பெயரும் முகவரியும் மதிப்பெண்ணும் அடங்கிய வன்தட்டை அழிக்காமல் எடைக்குப் போடுவது பற்றி வாய் திறவாதது வியப்பே.

“இது டெக்னீசியன் வேலை, நம் வேலையன்று” என்பது மூன்றாவது, வேரூன்றியதும் இதுவே. டெக்னீசியனை நாம் குறை கூறவில்லை. ஒரு நாளில் பத்து இடங்களுக்கு ஓடவைக்கப்படும் இளைஞர் அவர். மாற்றுவதற்கே அவருக்குக் கட்டளை. தேடுவதற்கு நேரம் தரப்படவில்லை. அவருக்கு அது ஒரு பெட்டி. அதனுள் ஒப்பாரி இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்லவேண்டியவர் நாற்காலியில் அமர்ந்து, இயந்திரத்தைத் தொடுவது புலமைக்கு இழுக்கு என்று கருதிக்கொண்டிருக்கிறார். சுவடி தேடியவர்கள் செல்லும் பூச்சியும் அரித்த கட்டுகளைத் தம் கையால்தான் பிரித்தார்கள். அந்தத் தூசி புலமையின் பகுதியாக இருந்தது.

பழுதுபார்த்தல் பழமைவாதிகளின் பிடிவாதம் என்ற எண்ணமும் தகர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுத் திரைகளுக்கான விதி, உதிரிப்பாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்கிறது. அப்பட்டியலில் 400 மைக்ரோபாரடுக்கு மேற்பட்ட மின்தேக்கிகளும் அடக்கம். சட்டமே மின்தேக்கியின் பெயரைச் சொல்கிறது. இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டின் டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், கழிவு எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்கின்றன. புதுப்பித்து மீட்போரையும் பதிவுசெய்யச் சொல்கின்றன. ஆனால் ஒரு பொருளுக்குக் “கழிவு” என்று பெயரிடும் கணம் இன்னும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கணத்தைப் பற்றியே பேசுகிறோம்.

*

ஆகவே நாம் கோருவன இவை. பெரிதாக ஒன்றும் இல்லை.

1. “டிஸ்ப்ளே வரவில்லை” என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் கணினியையும் கழிவு செய்யலாகாது. மானிட்டரைத் தனித்துச் சோதித்ததும், வேறு மானிட்டரை மாட்டிப் பார்த்ததும், கேபிளை மாற்றிப் பார்த்ததும், ராமைக் கழற்றிப் பொருத்தியதும் தேதியோடு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

2. பெட்டியும் மானிட்டரும் இருப்புப் பதிவேட்டில் தனித்தனி உருப்படிகளாக வேண்டும். ஒன்றின் பழுதுக்கு மற்றொன்று தண்டனை பெறலாகாது.

3. கழிவு செய்யும் முன் வன்தட்டில் இருப்பவற்றைத் துறை ஆசிரியர் ஒருவர் திறந்து பார்த்து, என்னென்ன இருந்தன என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுக்க வேண்டும். யூனிகோடுக்கு மாற்றியபின் மூலத்தையும் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின்பே வன்தட்டை அழித்து வெளியேற்றலாம்.

4. துறைக்கு ஒன்றாக, இணையத்தில் இணையாத ஒரு பழைய கணினியேனும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். சுவடிக்கும் அச்சு நூலுக்கும் கருத்தரங்கு நடத்த நிதி கிடைக்கிறது. மாலை, பொன்னாடை வாங்க நிதி கிடைக்கிறது. ஒரு டார்ச் விளக்கும், ஒரு நல்ல வி.ஜி.ஏ. கேபிளும், வேலை செய்யும் ஒரு மானிட்டரும், ஒரு பென்சில் ரப்பரும் பொன்னாடையைவிட விலை கூடியவை அல்ல. மானிட்டர் பக்கத்துத் துறையிலேயே இருக்கிறது. இந்தக் கல்வியாண்டின் கழிவுக் குழுக்கள் இன்னும் கூடவில்லை. அவை கூடுவதற்கு முன், உங்கள் துறையின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பெட்டிக்கு ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.